அருளப்பு அண்ணை வீட்டுத் தாங்கி

அன்றைக்கு அந்த வீட்டில் நின்றவர்கள் நாலு பேர். கட்டிலில், மூக்கில் குழாயோடு அருளப்பு அண்ணை. அவருடைய மனைவி பிலோமினா அக்கா. மகன் மரியதாஸ், வள்ளம் வைத்துக் கடற்தொழில் செய்பவர். நாலாவது நான். என் முதலாளி நிக்சனையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்று மரியதாஸ் இன்றைக்கும் வாதாடுவார். நிக்சன் அந்த நேரம் நயினாதீவில் நின்றார். போனில்தான் வந்தார். அந்தப் போனும் வளவுக்குள் வரவில்லை, வாசல் படலைக்கு வெளியே மதிலின்மேல் இருந்தது. ஆகவே நாலரைப் பேர் என்று வைத்துக்கொள்வோம்.

ஊர்காவற்றுறைப் பட்டறையில் இருந்து நான் நின்றுவிட்ட பிறகு, இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் கேட்டபடியால்தான் இதை எழுதுகிறேன். இப்போது வீடுகளில் சூரிய மின்கலம் பூட்டுகிறார்கள். ஜெனரேற்றர் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. ஆனால் மூலையில் கிடப்பதுதான் கூடக் கவனிக்க வேண்டிய சாமான் என்பது என் எண்ணம். பெற்றோல் தாங்கியோடு சும்மா கிடக்கிற எதையும் நினைத்தால் எனக்கு நித்திரை வராது. என் மனைவி சொல்லுவார், "உங்களுக்கு நித்திரை வராததுக்கு ஒரு தாங்கி வேணுமெண்டு இல்லை" என்று. அதுவும் உண்மைதான்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற வேலையில் சேர்ந்தேன். மூன்று வருடம் கழுவினேன். அங்கே ஒருநாள் வெறும் தாங்கி என்று சொல்லி ஒரு மோட்டார் சைக்கிள் தாங்கிக்கு ஒட்டுப் போட நெருப்பைக் கிட்டக் கொண்டுபோனார்கள். பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. ஆவி இருந்தது. மூடி பறந்து கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒட்டுப் போட்டவர் சிரித்துக்கொண்டு வெற்றிலை போட்டார். நான் மட்டும் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். அந்தப் பயம் அன்றைக்கு வந்தது. பிறகு இடம்பெயர்ந்த இடங்களிலும், திரும்பி ஊருக்கு வந்து வள்ளத்து எஞ்சின் திருத்தின காலத்திலும் அது என்னோடுதான் இருந்தது.

நிக்சன் என்னைவிடப் பதினொரு வயது குறைந்தவர். வளைகுடாவில் எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, ஊர்காவற்றுறையில் பட்டறை போட்டார். என்னை "இராசண்ணை" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் அந்த மரியாதை வேலை தொடங்கும் மட்டும்தான். ஜெனரேற்றர் வேலைக்கென்று பெரிய மட்டையில் ஒன்பது வரி எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் போக முன்னர் அதை வாசித்து, கீழே உள்ள கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். ஒன்பது வரிக்கும் எனக்குப் பத்து நிமிடம் செல்லும். ஒருநாள் வாசிக்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் ஏறிவிட்டேன். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்.

"இராசண்ணை, ஆறாம் வரி என்ன?"

"எஞ்சின் ஆறின பிறகு எண்ணெயை எடு..."

"அது நாலாம் வரி. இறங்குங்கோ."

வெயிலில் திரும்ப நடந்து போய் வாசித்தேன். அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார். கோபம் இல்லை, பேச்சும் இல்லை. அதுதான் அவருடைய முறை. போனில் பேசினாலும் ஹலோ சொல்ல மாட்டார். "என்ன மணக்குது? எங்க நனைஞ்சு கிடக்கு? ஆர் நெருப்பு வைச்சிருக்கினம்?" இந்த மூன்றும் கேட்ட பிறகுதான் சுகம் விசாரிப்பார். ஒருமுறை அவருடைய மாமியார் எடுத்தபோதும் இப்படித்தான் கேட்டார் என்று பட்டறையில் ஒரு கதை உண்டு.

பெற்றோல் வேலை என்றால் போன், லைற்றர், மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றிப் படலைக்கு வெளியே வைக்க வேண்டும். இது இரண்டாம் வரி. வேலை முடியும் மட்டும் எடுக்கக் கூடாது. என் மனைவி தந்த மோதிரத்தை எத்தனை மதில்களில் மறந்து வைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை.

இனி அன்றைய கதை.

கச்சான் காற்று பலமாக அடித்த நாள். கரம்பொன் பக்கம் பனை ஒன்று மின்கம்பிமேல் சாய்ந்து, காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. அருளப்பு அண்ணைக்கு நுரையீரல் பழுது. காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கிற மெசின் ஒன்று கட்டிலடியில் நிற்கும். அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு. அது ஓட மின்சாரம் வேண்டும். அதற்காகத்தான் வெளிநாட்டில் இருக்கிற மகள் காசு அனுப்பி அந்த ஜெனரேற்றரை வாங்கிக் கொடுத்திருந்தார். அவசரத்துக்கென்று ஒரு சின்ன ஒட்சிசன் சிலிண்டரும் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கிட்ட மரியதாஸ் போன் எடுத்தார்.

"அண்ணை, ஜெனரேற்றர் ஒழுகுது. ஓடிக்கொண்டு நிக்குது. ஆனா ஒழுகுது."

"எங்க ஒழுகுது?"

"தாங்கியில. அடியில."

பட்டறையில் நான் மட்டும்தான் நின்றேன். பட்டறையின் மேலதிக ஜெனரேற்றர் நின்றிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அதைக் கல்யாண வீடு ஒன்றுக்குக் கொடுத்து, நிக்சனும் கூடவே நயினாதீவுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். அம்புலன்ஸ் வண்டி இன்னொரு நோயாளியோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அப்போதும் நான் மட்டையை வாசித்தேன். ஒன்பது வரியும் வாசித்தேன். பதற்றத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் சென்றிருக்கும். அதை நினைத்துப் பிறகு பல நாள் வருத்தப்பட்டேன். வாசிக்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அதற்கும் வருத்தப்பட்டேன்.

படலையில் வைத்தே மணத்தது. போனையும் மோதிரத்தையும் மதிலில் வைத்தேன். ஜெனரேற்றர் குசினிக்குப் பின்னால், தகரத் தாழ்வாரத்தில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. தாங்கி மேலே, எஞ்சின் கீழே. தாங்கியின் பின்மூலையில் இருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் இறங்கி, இரும்புச் சட்டத்தின் வழியே வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டத்தில் இருந்து சைலன்சருக்கு ஒரு சாண் தூரம். சைலன்சர் எவ்வளவு சூடாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காற்று கொஞ்சம் திரும்பினால் அந்தச் சொட்டு அதில்தான் விழும்.

"அக்கா, அடுப்பு எரியுதோ?"

"ஓம் தம்பி, குழம்பு கொதிக்குது. ஏன், சாப்பிடேல்லையோ நீர்?"

"நூர்த்துவிடுங்கோ! தண்ணியை ஊத்தி நூர்த்துவிடுங்கோ!"

அக்கா உடனே தண்ணீரை ஊற்றினார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில், அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஒட்சிசன் ஓடுகிற அறையில் நெருப்பு.

"அக்கா, அதையும்."

அதற்கு மட்டும் அவர் அசையவில்லை. "அது ஏலாது தம்பி. காலமை கரண்ட் போகேக்க நேந்து ஏத்தினது. இந்த மனுசன் பொழுதுபடும்வரைக்கும் இருக்கவேணும் எண்டு."

கட்டிலில் இருந்து அருளப்பு அண்ணை விரலைத் தூக்கினார். அவர் ஒரு வசனத்தை மூன்று மூச்சில்தான் சொல்லுவார். "அந்தோனியாரும்... பெற்றோல் மணத்தால்... தள்ளித்தான் நிப்பார்... கொண்டு போ."

அக்கா கையால் மெழுகுதிரியை மறைத்துப் பிடித்துக்கொண்டு, முன்வாசலால் இறங்கி, ஒழுங்கையைக் கடந்து, எதிர்வீட்டுப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அந்தக் காற்றிலும் அது அணையவில்லை என்று இப்போதும் பெருமையாகச் சொல்லுவார்.

பிறகு அண்ணையைச் சிலிண்டருக்கு மாற்றினோம். காலையில் ஜெனரேற்றர் தொடங்கும் மட்டும் அதைப் பாவித்ததால் அரைவாசி போயிருந்தது. மிச்சம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அவர் நன்றாக மூச்செடுக்கிறார் என்று கண்ட பிறகுதான் நான் போய் ஜெனரேற்றரின் சுவிட்சை நிறுத்தினேன். எஞ்சின் நின்றதும் அந்த வளவில் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதைப்போலப் பயங்கரமான அமைதியை நான் கண்டதில்லை. சொட்டு விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது. மரியதாஸ் ஓலைப்பெட்டியில் மணல் அள்ளிவந்து நனைந்த இடமெல்லாம் கொட்டினார். சொட்டுக்குக் கீழே பழைய பிஸ்கற் தகரம் ஒன்றை வைத்தேன்.

நாலாம் வரி: எஞ்சின் ஆறின பிறகு எண்ணெயை எடு.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மரியதாஸால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"என்ன அண்ணை, பாத்துக்கொண்டு நிக்கிறியள்? சவர்க்காரத்தைத் தேய்ச்சு அடைச்சுப்போட்டு ஓட விடுங்கோ."

"ஏலாது."

"முந்தநாள் நான் பைபர் போட்டனான், அது கழண்டு போச்சு. இப்ப வேற பிசின் கிடக்குது..."

அப்போதுதான் விசயம் வெளியில் வந்தது. மூன்று நாளுக்கு முன் தாங்கியின் மூலையில் ஈரம் கண்டிருக்கிறார். வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் சுரண்டிப் பைபர் துணியும் பிசினும் வைத்து ஒட்டுகிற பழக்கம். தாங்கிக்கும் அதைத்தான் செய்திருக்கிறார். பெற்றோலை எடுக்காமல், அரக் காகிதத்தால் நன்றாகச் சுரண்டி, ஒட்டியிருக்கிறார். கடல்தண்ணீருக்கு நிற்கிற பிசின் பெற்றோலுக்கு இளகிவிட்டது. சுரண்டினதில் ஊசித்துவாரம் பெரிதாகிவிட்டது.

"உன்ர கை வள்ளத்தோட நிண்டிருக்கலாம்," என்று பிலோமினா அக்கா யன்னலால் ஏசினார். "அப்பற்றை மூச்சில கொண்டுபோய் உன்ர பைபரை ஒட்டினியே!"

மரியதாஸ் தலை குனிந்து நின்றார். நாற்பது வயது ஆள், கடலில் புயலுக்கு நிற்கிற ஆள்.

ஒரு தடியின் நுனியைத் தண்ணீரில் நனைத்துச் சைலன்சரில் தொட்டேன். சீ என்றது. மீண்டும் காத்திருந்தேன். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சீ என்றது. இடையில் அக்கா யன்னலால் சிலிண்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இப்ப அரைவாசிக்கும் கீழ." "இப்ப சிவப்புக்கு நாலு விரல்." "மூண்டு விரல்." அவருடைய விரல் மெல்லிய விரல், அதை நினைத்தும் பயந்தேன்.

நின்ற நேரத்தில்தான் ஒரு யோசனை வந்தது. எஞ்சினில் பிழை இல்லை. தாங்கியில்தான் பிழை. வேறு ஒரு தாங்கியில் இருந்து பெற்றோல் வந்தால் எஞ்சின் ஓடும். வள்ளத்து எஞ்சினுக்கு ஒரு தனித் தாங்கி இருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடியது. அதோடு ஒரு குழாய், குழாயின் நடுவில் கையால் பிசைகிற ரப்பர்க் குமிழ்.

சொல்ல முன்னர் எனக்கே நம்பிக்கை வரவில்லை. படலைக்கு ஓடினேன். நிக்சன் எடுத்தார்.

"என்ன மணக்குது? எங்க நனைஞ்சு கிடக்கு? ஆர் நெருப்பு வைச்சிருக்கினம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் கல்யாண வீட்டு மேளம் கேட்டது. அவர் மேளத்தை விட்டுத் தள்ளி நடப்பது மூச்சில் தெரிந்தது.

"தாங்கியை எங்க வைக்கப் போறியள்?"

"தாழ்வாரத்துக்கு வெளியில தம்பி. குளிக்கிற தொட்டி மதில் இருக்குது. காபரேற்றரிலும் பாக்க இரண்டு முழம் உயரம். எஞ்சினில இருந்து எட்டு அடி."

"குழாய்க்குக் கிளிப் இருக்கோ?"

"இருக்கு."

"எஞ்சின் ஆறிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏன் கதைக்கிறியள்? போய் நில்லுங்கோ." பிறகு கொஞ்சம் பொறுத்து, "இராசண்ணை, இது மட்டையில இல்லாத வேலை. கொப்பியில என்ர பேரைப் போடுங்கோ" என்றார்.

முதலாளிமார் பலரிடம் வேலை செய்திருக்கிறேன். இந்த வசனத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மரியதாஸ் மோட்டார் சைக்கிளில் கரைக்குப் போய்த் தாங்கியையும் குழாயையும் கொண்டுவந்தார். அவர் வந்து இறங்கும்போது ஈரத்தடி சைலன்சரில் பட்டுச் சத்தம் போடவில்லை. நான் புறங்கையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஆறியிருந்தது.

பெற்றோலை இரும்பு எண்ணெய்க் கானுக்கு இறக்கி, மூடி, மரியதாஸிடம் கொடுத்துப் பின்வேலிக்கு அப்பால் வைத்தோம். தாங்கியின் நாலு ஆணியையும் கழற்றினேன். தூக்கினேன். தூக்கிச் சரித்தபோது மூடித் துவாரத்தால் உள்ளே வெளிச்சம் போனது.

உள்ளே அடியெல்லாம் துரு. பின்மூலையில், ஒழுகின அதே மூலையில், துருவின்மேல் வெள்ளையாக ஒரு படை. உப்பு.

அந்த ஜெனரேற்றர் எனக்குப் புதியது இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தத் தாங்கியைக் கழுவிக் கொடுத்தவன் நான்தான். மாரிகாலம். பழைய பெற்றோல் கெட்டுப் பசையாகியிருந்தது. மட்டையின் ஏழாம் வரி "தண்ணீரால் கழுவிக் காயவைத்து, பெற்றோலால் அலசு" என்று சொல்கிறது. எங்கள் தீவில் தண்ணீர் என்றால் இரண்டு. பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீர் ஒன்று, கிணற்று உவர்த்தண்ணீர் ஒன்று. அன்றைக்கு அந்த வீட்டில் குடிதண்ணீர் இரண்டு குடம்தான் இருந்தது. நோயாளி இருக்கிற வீட்டில் நான்கு வாளி நல்ல தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிணற்றில் அள்ளிக் கழுவினேன். மழை முகில், வெயில் இல்லை. ஒரு மணித்தியாலம் கவிழ்த்துவைத்துவிட்டுப் பூட்டிக் கொடுத்தேன். பின்மூலையில் கொஞ்சம் உவர்த்தண்ணீர் நின்றிருக்க வேண்டும். அது இருந்து இருந்து தகட்டைத் தின்றிருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் விட்டிருந்தேன்.

"என்ன அண்ணை?" என்றார் மரியதாஸ். "என்ர பைபராலதானே?"

தாங்கியைக் கவிழ்த்து வேலியடியில் வைத்தேன். நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது என்பதும் உண்மை.

வள்ளத்துத் தாங்கியைத் தொட்டி மதிலில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். குழாயின் நுனியைக் காபரேற்றரில் சொருகிக் கிளிப்பை இறுக்கினேன். ஒவ்வொரு பொருத்தின் கீழும் காய்ந்த கடதாசி வைத்து, குமிழைப் பிசைந்தேன். குமிழ் இறுகியது. கடதாசி நனையவில்லை. நனையவில்லை என்று மூன்றுதரம் பார்த்தேன்.

"ஒரு விரல்!" என்று அக்கா கத்தினார். "தம்பி, ஒரு விரல்தான் கிடக்குது!"

கயிற்றை இழுத்தேன். இல்லை. இரண்டாவது இழுப்பு. இல்லை. குழாயில் காற்று நிற்கிறது என்று விளங்கியது. மரியதாஸ் குமிழைப் பிசைய, மூன்றாவது இழுப்பில் இருமி, நின்று, பிறகு பிடித்துக்கொண்டது. வள்ளத்துப் பெற்றோலில் எஞ்சின் எண்ணெய் கலந்திருப்பதால் நீலப் புகை வந்தது. எனக்கு அந்தப் புகை சாம்பிராணி மாதிரி மணத்தது.

உள்ளே மெசின் ஒரு நீண்ட கூவல் போட்டது. பிறகு அதன் வழக்கமான மூச்சு: புஸ், புஸ். அக்கா குழாயை மாற்றினார். நான் யன்னலால் பார்த்தேன். அருளப்பு அண்ணையின் நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"குழம்பு... என்ன... மாதிரி?" என்றார்.

பிலோமினா அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். அழுதாரோ தெரியாது. மரியதாஸ் வேலிப்பக்கம் திரும்பி நின்றார். நான் குந்தியிருந்து காய்ந்த கடதாசியை நாலாம் தரம் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வண்டி பிந்தி வந்து, மெசின் ஓடுகிறதைக் கண்டு திரும்பிப் போனது. மின்சாரம் ஐந்து மணிக்கு வந்தது. அதுவரைக்கும் நான் அந்த எஞ்சினைவிட்டு நகரவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, குழாயைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒதுக்கின பிறகுதான் தேத்தண்ணி குடித்தேன். பாணும் சம்பலும் தந்தார்கள். அக்கா தேத்தண்ணியை வைத்துக்கொண்டே திரும்பவும் மகனில் தொடங்கினார்.

"இனி இந்த வீட்டில நீ பிசின் போத்தலைத் திறந்தாய் எண்டால்..."

"அக்கா," என்றேன். "அவரை ஏசாதையுங்கோ."

"நீர் பேசாமல் குடியும் தம்பி. உமக்கு இரக்கம் கூட."

"இரக்கம் இல்லை அக்கா. அது என்ர வேலை."

தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துக் காட்டினேன். கிணற்றுத் தண்ணீர், மழை முகில், பின்மூலை, எல்லாம் சொன்னேன். மரியதாஸ் சுரண்டாவிட்டாலும் இன்னும் ஒரு மாதத்தில் தானாக ஒழுகியிருக்கும் என்றும் சொன்னேன்.

மரியதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அம்மா, மத்தியானம் எனக்கு ஏசினதை எல்லாம் திருப்பி எடுங்கோ."

"எடுத்து ஆருக்குக் குடுக்க? இவருக்கோ? இவர் ஏசாமலே செத்துப்போவார் போல கிடக்குது," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தம்பி நல்ல தண்ணி கேக்கேல்லை? இரண்டு குடம்தான் எண்டாலும் தந்திருப்பனே" என்றார்.

நான் தாங்கியைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரும்பவும் வேலியடியில் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்தநாள் லோஞ்ச் படகில் நிக்சன் வந்தார். அவரிடம் சொல்லுவது வீட்டாரிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. கேட்டுக்கொண்டே மட்டைக்கு முன்னால் போய் நின்றார். ஏழாம் வரியை உரத்து வாசித்தார். "தண்ணீரால் கழுவி. பாருங்கோ, என்ன தண்ணி எண்டு எழுதேல்லை. நான் இதை அங்க படிச்சது. அங்க பைப்பைத் திறந்தால் வாறது ஒரு தண்ணிதான். இஞ்ச உவர்க் கிணறு கிடக்கெண்டு எனக்குத் தெரியாதோ, இந்த ஊரில பிறந்த எனக்கு?" தடித்த பேனையை எடுத்து, வரியின் தலைக்குமேல் "குடிதண்ணீர், இல்லையென்றால் கழுவாதே" என்று எழுதினார். பிறகு கொப்பியைத் தந்தார். நான் வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார்.

புதுத் தாங்கி யாழ்ப்பாணத்தில் பதினையாயிரம் ரூபாய். மரியதாஸ் தன் காசில் வாங்கிவந்துவிட்டார். நிக்சன் பாதியை அன்றைக்கே கொடுத்தார். மிச்சப் பாதி, ஏழாயிரத்து ஐந்நூறு, என் பங்கு. சம்பளம் எடுத்த நாள் முழுவதையும் கொண்டுபோனேன். பிலோமினா அக்கா எண்ணி, ஐந்நூறை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

"மாசம் மாசம் கொண்டு வாரும். மொத்தமாத் தந்திட்டீர் எண்டால் இந்தப் பக்கம் வரமாட்டீர். வந்தால் ஜெனரேற்றரையும் ஒருக்கா மணந்து பாத்திட்டுப் போவீர்."

அப்படியே செய்தேன். ஒவ்வொரு மாதமும் போவேன். தாங்கியைப் பார்ப்பேன், குழாயைப் பார்ப்பேன், ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். இடையில் வேலையில் இருந்து நின்றுவிட்டேன். மகள் அனுப்பின காசில் அந்த வீட்டிலும் சூரிய மின்கலம் பூட்டிவிட்டார்கள். இனி ஜெனரேற்றர் தேவையில்லை என்றார்கள். நான் போவதை நிறுத்தவில்லை. ஒன்பது மாதம் ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்தேன்.

பத்தாவது மாதம் போனபோது அருளப்பு அண்ணை கொஞ்சம் சுகமாக இருந்தார். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்திருந்தார். என் கையில் காசைக் கண்டதும் சிரித்தார்.

"இராசன்... நான் ஒரு கணக்கு... வைச்சிருக்கிறன். உம்மட கடன்... முடியிற மட்டும்... நான் போகமாட்டன்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ," என்று அக்கா அதட்டினார். மரியதாஸ் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு இவ்வளவு நேரத்தில் தெரிந்திருக்கும். ஐந்நூறு ரூபாயைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தேன். அக்கா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிப் படத்துக்குக் கீழே வைத்தார். அன்றைக்கிருந்து மாதம் நூறு ரூபாய்தான். நாலு மாதம் ஆகிறது. அண்ணை போன கிழமை முற்றம்வரை நடந்தாராம், மெசின் குழாயை இழுத்துக்கொண்டு.

இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் நிற்கிறது.